வளரப்போகிற பிள்ளை என்று பெரிய நாற்காலி வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, 21 கிலோ. மூளை முடக்குவாதம். தலை ஓரளவு நிற்கும். பிடிக்காமல் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான். உடம்பு அடிக்கடி விறைக்கும். கைக்குழந்தைக்குச் செய்வதுபோல இன்னமும் காலை நீட்டி, அதன்மேல் படுக்க வைத்துத்தான் குளிப்பாட்டுகிறேன். முதுகுவலி தாங்க முடியவில்லை. மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கடையில் சக்கரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்றைக் காட்டி, "26,000 ரூபாய், வளர்ந்த பிறகும் உதவும்" என்கிறார்கள். எங்கள் பாத்ரூம் 5-க்கு 4 அடிதான். வாங்கலாமா? — ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து மடித்துத் தைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் அந்தக் கணக்கு செல்லாது. கடையில் காட்டியது பெரியவர்கள் அளவு. அதன் இருக்கை 17, 18 அங்குல அகலம் இருக்கும். உங்கள் மகனின் இடுப்பு அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். இருபுறமும் காலியாக இருந்தால் அவன் சாய்வான். இருக்கையின் ஆழம் அவன் தொடையைவிட அதிகம் என்பதால் முதுகு பின்னால் போய்ச் சேராது, இடுப்பு முன்னால் வழுக்கும். கால் தரையில் படாமல் தொங்கினால் விறைப்பு கூடும். இத்தனையும் சோப்புத் தண்ணீரில் நடக்கும். நடுவிலே கமோடுக்கான ஓட்டை வேறு. 5-க்கு 4 அடி அறையில் அந்த நாற்காலியை நிறுத்திவிட்டால் நீங்கள் நிற்க இடம் ஏது? தண்ணீர் வடிவதற்காகத் தரையில் விட்டிருக்கும் சரிவில் சக்கரமும் நிலையாக நிற்காது.

பிடிக்காமல் உட்கார முடியாத பிள்ளைக்கு வேண்டியது நிமிர்ந்த நாற்காலியல்ல, தாழ்வான சாய்வுச் சட்டம். ஈசிச்சேர் வடிவத்தில் ஒரு குழாய்ச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய நைலான் வலைத்துணி. இடுப்பு பதியும் இடம் சற்றுப் பள்ளமாக, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து இருக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் மடங்கியிருந்தால் விறைத்து முன்னால் தள்ளுவது குறையும். பாதம் பதிய ஒரு பலகை அவசியம். அதற்காக மல்லாந்து படுக்கும் அளவுக்குச் சாய்த்துவிடாதீர்கள். தலை பின்னால் போனால் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் இறங்கிப் புரையேறும். மோவாய் நெஞ்சை நோக்கிச் சற்றே தாழ்ந்திருக்கும்படி தலைக்குப் பின்னால் தாங்கல் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடி குனியாமல் அவன் பாதம் வரை கை எட்ட வேண்டும். சட்டத்தின் உயரத்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் முதுகுதான்.

அளவெடுக்க ஒரு டேப் போதும். அவனை மடியில் உட்கார வைத்து, இடுப்பின் அகலம், பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, அங்கிருந்து குதிகால் வரை, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தொடை அளவில் இரண்டு விரல் குறைத்துக்கொண்டால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். பாத்ரூம் வாசல் அகலத்தையும் நிலைப்படி உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடைகளில் மார்புக்கு ஒரு பட்டை கட்டிக் காட்டி "பத்திரமா இருக்கும்" என்பார்கள். மார்புப் பட்டையை மட்டும் நம்பினால், பிள்ளை கீழே வழுக்கும்போது அது கழுத்துக்கு ஏறிவிடும். முதல் பட்டை எப்போதும் இடுப்புக்குத்தான். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், பின்னோக்கிக் கீழே இழுக்கும்படி மாட்ட வேண்டும். வயிற்றின் குறுக்கே அல்ல. வெல்க்ரோ வேண்டாம். ஈரமும் சோப்பும் முடியும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். பள்ளிப் பையில் இருப்பதுபோன்ற பக்கிள் போதும். எந்தப் பட்டை மாட்டினாலும் துண்டு எடுக்கக்கூட அவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளையென்றால் இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன்.

அடுத்து, கடைக்காரர் காந்தத்தை எடுப்பார். "ஒட்டலை பாருங்க, அசல் எஸ்எஸ்" என்பார். எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நல்ல 304 ரகத்திலும் ஒட்டாது. உப்பு போர்வெல் தண்ணீரில் 202 சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவின் விளிம்பு பிள்ளையின் தோலைக் கிழிக்கும். ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். டைல்ஸில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியையும் கூடவே விற்கப் பார்ப்பார்கள். ஆள் பாரம் தாங்குவது சுவரைத் துளைத்து போல்ட் போட்ட கைப்பிடி மட்டுமே. உங்களை அந்தக் கடைக்கு அனுப்பியவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மருத்துவமனை வாசல் கடைகள் பலவற்றில் ஆள் அனுப்பியவருக்கு ஒரு பங்கு போகிறது. பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்காமல், அளவெடுக்காமல், கடையின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பவர் தெரபிஸ்டாகவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

"அரசாங்கத்தில் இலவசமாக வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்குக் கட்டணமே கிடையாது. உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்ற சட்டம் 2016-இல் வந்துவிட்டது. ஆனால் நான் போன முகாம்களில் சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, சி.பி. சேர் (மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான நாற்காலி) என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், "குளிப்பாட்ட ஏதாவது?" என்று கேட்டால் விழிப்பார்கள். தினமும் குளிக்காத பிள்ளை உண்டா? சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, நன்றாகவே பார்ப்பார்கள். கோவில்பட்டியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பிள்ளையைச் சுமந்துபோய் ஒரு தாய் அளவு கொடுக்க வேண்டுமா? முகாமில் தந்த சி.பி. சேரிலேயே குளிப்பாட்டும் அம்மாக்களைப் பார்க்கிறேன். அதன் பஞ்சில் தண்ணீர் ஏறி, பூஞ்சை பிடித்து, பிள்ளைக்குத் தோல் நோய் வருகிறது.

இதைப் படிக்கும் இன்னொரு கூட்டம் பெற்றோருக்கும் சொல்லியாக வேண்டும். ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளைகள் பலர் நன்றாக உட்காருவார்கள், பேசுவார்கள், தாங்களே குளிக்கவும் செய்வார்கள். அவர்களுக்குச் சாய்வுச் சட்டம் தேவையில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். நாம் கடினமான இருக்கையில் உட்கார்ந்தால் வலிக்கும், நகர்ந்துகொள்வோம். அந்தப் பிள்ளைக்கு வலிக்காது, நகராது. ஓட்டை வைத்த இருக்கையின் விளிம்பு அழுத்திய இடத்தில் புண் வரும். அது ஆற மாதங்கள் ஆகலாம். ஆகவே தண்ணீர் ஏறாத மெத்தை வைத்த, ஓட்டையில்லாத இருக்கைதான் வாங்க வேண்டும். குளித்து முடித்ததும் பின்பக்கத்தையும் குதிகாலையும் தினமும் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் அந்த இருக்கையை நிறுத்திவிடுங்கள். சூடும் அப்படித்தான். கீசர் தண்ணீர் 60 டிகிரி இருந்தால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும், பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் துறையின் பிசியோதெரபிஸ்ட் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மகனை அழைத்துப் போங்கள். சாய்வுக் கோணத்தை அவர் பார்த்துச் சொல்லட்டும். பிறகு வெல்டிங் பட்டறையில் 304 குழாயில் சட்டம் அடித்து, கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டி, தையற்கடையில் வலைத்துணியை இரட்டைத் தையல் போட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொன்ன விலைக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் சில நாட்கள் தண்ணீர் இல்லாமல் கூடத்தில் வைத்து, உடையோடு அதில் சாய்த்து வைத்துப் பழக்குங்கள். குளிப்பாட்டும்போது தலையில் ஊற்றித் தொடங்காமல் பாதத்திலிருந்து மேலே வாருங்கள். திடீரென்று தலையில் விழும் தண்ணீர்தான் அவனைத் தூக்கிப் போட்டு விறைக்க வைக்கிறது. 21 கிலோவைத் தனியாகத் தூக்குவதையும் இன்றோடு நிறுத்துங்கள், அப்பாவோ பாட்டியோ காலைப் பிடிக்கட்டும்.

எடுத்த அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். பட்டறைக்குக் கொடுக்கும் முன் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.