வார்டில் அப்பா தடுமாறுகிறார்: யாரிடம், என்ன சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு வயது 67. சர்க்கரைப் புண் முற்றியதால் ஈப்போ மருத்துவமனையில் கால்விரல்களை அகற்றினார்கள். மூன்றாம் இரவிலிருந்து, இறந்துபோன தோட்டத்து ஆட்கள் கட்டிலருகே நிற்பதாகச் சொல்லி, கையிலுள்ள குழாயைப் பிடுங்குகிறார். பகலில் சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடக்கிறார். காற்றுக் கருப்பு என்கிறார்கள் உறவினர்கள். மனநல மருத்துவரைக் கேட்டால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.”

அம்மா, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனத் தொடங்கி, இரவில் மோசமாகி, இடையிடையே தெளிந்து மீண்டும் குழம்பும் நிலையை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். பேயோ பைத்தியமோ காரணமன்று. உடலில் ஏதோ சீர்கெட்டிருப்பதை மூளை இப்படிக் காட்டுகிறது. கிருமித்தொற்று, இரத்தச் சர்க்கரை இறங்குதல், சோடியம் குறைதல், சிறுநீர் அடைத்தல், மலச்சிக்கல், வலிமருந்து என எதுவும் காரணமாகலாம். ஆகவே மருத்துவர்கள் காலையில் வார்டைச் சுற்றிப் பார்க்க வரும்வரை காத்திராமல், “அப்பா வழக்கமாக இப்படிப்பட்டவர் அல்லர், இன்ன நாளில்தான் தொடங்கியது” என்று பணியிலிருக்கும் தாதியிடம் உடனே சொல்லுங்கள். அவரது இயல்பை அறிந்தவர் நீங்கள்தான் என்பதால், வார்டில் வேறு எவராலும் இதைச் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதவில்லை, ஆயினும் கேட்டாக வேண்டும்: அப்பா தினமும் சம்சு அல்லது பீர் குடிப்பவரா? குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு இரண்டு மூன்று நாளில் இதே போன்ற குழப்பமும் நடுக்கமும் வரலாம். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்து. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

பகலிலுள்ள மௌனத்தை மனச்சோர்வு என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம், ஏனெனில் டெலிரியத்திலேயே அமைதியாக ஒடுங்கிக் கிடக்கும் வகையும் உண்டு. அதுவே பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது. கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் தொடர் அறுந்தால் கவனம் கலங்கியிருக்கிறது என்ற ஐயம் வலுக்கும். அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அப்பா தமிழில் முனகுவதை மலாயில் பெயர்த்துச் சொல்லும்போது, குழப்பத்தைச் சரிசெய்யாமல் உள்ளபடியே சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். நாளையும் இடத்தையும் நினைவூட்டுங்கள். காணும் உருவங்களைப் பற்றி வாதிடாதீர்கள். இரவில் ஒருவர் உடனிருக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.

குழப்பம் தெளிந்த பின்னும் சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் அது வேறு செய்தி, மனச்சோர்வாக இருக்கலாம். பசியின்மையும் தூக்கமின்மையும் எந்த நோயாளிக்கும் வரும் என்பதால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. பேரப்பிள்ளை வந்தாலும் மகிழ்ச்சியில்லை, “நான் உங்களுக்குச் சுமை” என்கிறார் என்றால் கவனியுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. உண்டென்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனநல மருத்துவர் இதே வார்டுக்கு வந்து பார்ப்பதுதான் வழக்கம். கால் சிகிச்சையும் அங்கேயே தொடரும். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன்தரச் சில வாரங்கள் ஆகும். வீடு திரும்பியபின் புண்ணுக்குக் கட்டுமாற்ற அரசு கிளினிக்குக்குச் செல்லும்போது, மனநிலையையும் மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழைக்கலாம்.