வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

‘கணவருக்கு மாதத்தில் இருபது நாள் வெளிநாட்டுப் பயணம். எனக்கு இரவு ஷிஃப்ட். இரண்டு வருடமாகப் பிரிந்திருக்கிறோம், சண்டை இல்லை. ஒன்பது வயதில் மகள். இந்து முறைப்படி நடந்த திருமணம். நேரில் வரவே வேண்டாம், கையெழுத்து போதும், ஒரே மாதத்தில் விவாகரத்து வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நம்பாதீர்கள் அம்மா. இப்படி ஏமாந்த ஒரு பெண் என்னிடம் வந்தபோது கையில் வைத்திருந்தது ஒரு முத்திரைத்தாள், அதில் நோட்டரி சீல், மேலே ‘விடுதலைப் பத்திரம்’ என்று தலைப்பு. அதை நம்பி மறுமணத்துக்கு நாள்கூடக் குறித்துவிட்டார். இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து தருவது நீதிமன்றம் மட்டும்தான். நோட்டரி முன் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் நீங்கள் கணவன் மனைவிதான்.

நீங்கள் போக வேண்டிய இடம் சமரச மையம். நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் சமரசருக்குக் கட்டணம் கிடையாது. அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், பேச வைப்பார். இருவரும் சம்மதித்தால் சில அமர்வுகளை வீடியோவில் வைக்கக் கேட்கலாம். முதல் அமர்வுக்கே இருவருடைய மூன்று மாத வேலை அட்டவணையையும் கொண்டுபோங்கள். அங்கே எழுதும் ஒப்பந்தத்தில், அப்பா மகளைப் பார்ப்பதற்கு ‘இரண்டாவது சனி, நான்காவது சனி’ என்று எழுதாதீர்கள், முதல் மாதமே உடைந்துவிடும். ‘அப்பா ஊரில் இருக்கும் வாரத்தில் இரண்டு நாள், பயணத் தேதி தெரிந்த இரண்டு நாளுக்குள் வாட்ஸ்அப்பில் தகவல்’ என்று எழுதுங்கள்.

அப்புறம் அந்த ‘ஒரே மாதம்’. இருவரும் சம்மதித்து விவாகரத்துக் கேட்கும் கூட்டு மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும். சேர்த்து வைக்கும் முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். அப்போதும் தனி மனு போட வேண்டும், அதை ஏற்பதா என்பது நீதிபதியின் முடிவு. உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, மற்றதையும் முடித்துக்கொண்டு தாராளமாகக் கேளுங்கள். எந்தத் தரகரும் இதற்கு உத்தரவாதம் தர முடியாது.

வேலை நாளில் காலையிலேயே வரச்சொல்லி, மாலை வரை உட்கார வைத்து, கடைசியில் வாய்தா கொடுத்து அனுப்பும் வழக்கம் மாறாதவரை இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பு இருக்கும். விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு ஒரு வாய்தா என்றால் எத்தனை நாள் விடுப்பு என்று யார் யோசிக்கிறார்கள்?

ஏற்கெனவே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்.