பழைய ட்ரீம்வீவர் புத்தகத்தை வைத்து வெப் டிசைன் பழகலாமா?

கேள்வி: வெப் டிசைன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, வெப் பக்கங்களை உருவாக்கும் மென்பொருளான ட்ரீம்வீவருக்கான தொடக்கநிலைப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை ஒருவரிடமிருந்து பழைய விலைக்கு வாங்கினேன். ட்ரீம்வீவர் 8 பதிப்புக்கு எழுதப்பட்டது, கூடவே ஒரு சிடியும் உண்டு. என் கணினியில் இருப்பதோ இப்போதைய பதிப்பு. புத்தகம் சொல்லும் மெனுக்களில் பாதி கண்ணில் படவில்லை. எப்படியோ ஐந்து பாடம் முடித்துவிட்டேன். செய்த பக்கத்தை சர்வரில் ஏற்றினால் எழுத்து வருகிறது, படங்கள் வருவதில்லை. இதே புத்தகத்தைத் தொடரலாமா, மூட்டை கட்டிவிடலாமா? கோடிங் தெரியாமல் இதைக் கற்க முடியுமா?

பதில்: படங்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதிலும் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

படம் வராத பக்கத்தை ட்ரீம்வீவரில் திறந்து, மேலே உள்ள 'கோட்' பட்டனை அழுத்துங்கள். பயப்பட வேண்டாம், இப்போதைக்குப் பார்க்க மட்டும்தான் போகிறோம். படத்துக்கான வரி 'ஐஎம்ஜி' என்று தொடங்கும். அதே வரியில் 'எஸ்ஆர்சி' என்பதையடுத்து மேற்கோள் குறிகளுக்குள் ஒரு முகவரி இருக்கும். படங்களை வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயர், ஒரு சாய்கோடு, படத்தின் பெயர் என்று சுருக்கமாக இருந்தால் சரி. அப்படியில்லாமல் 'ஃபைல்' என்று தொடங்கி, மூன்று சாய்கோடு போட்டு, சி டிரைவ், டெஸ்க்டாப் என்று உங்கள் கணினியின் ஜாதகமே அதில் ஓடினால், சிக்கல் அங்கேதான். அந்த முகவரி உங்கள் கணினிக்குள் மட்டும் செல்லும். அதனால்தான் உங்கள் கணினியில் திறந்தால் மட்டும் படம் தெரிகிறது. சர்வரில் ஏது உங்கள் சி டிரைவ்?

பெரும்பாலும் இது புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதிப்பதால் வருவது. 'சைட்' மெனுவில் 'நியூ சைட்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே உங்கள் தளத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, எல்லா ஃபைல்களும் இருக்கப்போகும் ஃபோல்டர் எது என்று காட்ட வேண்டும். ஒரு பக்கம்கூட உருவாகாத, சுவாரசியமே இல்லாத வேலை. அதனால் தொடக்கக்காரர்கள் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ட்ரீம்வீவர் லிங்க், படம், ஸ்டைல் எல்லாவற்றுக்கும் பாதை கணக்கிடுவது அந்த ஃபோல்டரை வைத்துத்தான். ஃபோல்டருக்கு வெளியே உள்ள படத்தைப் பக்கத்தில் இழுத்துப் போட்டால், 'இந்த ஃபைல் தளத்துக்கு வெளியே இருக்கிறது, உள்ளே நகலெடுக்கட்டுமா?' என்று அதுவே கேட்கும். அதற்கு 'நோ' சொல்லிவிட்டுத்தான் பலர் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 'யெஸ்' சொல்லி, இமேஜஸ் ஃபோல்டருக்குள் போடுங்கள். இன்னொன்று: புதுப் பக்கத்தை ஒருமுறை சேமிக்காமல் அதில் படம் வைக்காதீர்கள். பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாத வரை, அதிலிருந்து படத்துக்கான வழியை ட்ரீம்வீவரால் சொல்ல முடியாது.

பாதை சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் இரண்டு காரணம் பாருங்கள். பக்கத்தை சர்வரில் ஏற்றும்போது 'டிபென்டன்ட் ஃபைல்ஸ்' சேர்க்கவா என்று ஒரு பெட்டி வரும். அந்தப் பக்கம் நம்பியிருக்கும் படங்களையும் ஸ்டைல் ஃபைலையும் சேர்த்து அனுப்பவா என்பதுதான் கேள்வி. 'நோ' என்றால் எச்டிஎம்எல் ஃபைல், அதாவது பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் உள்ள ஃபைல் மட்டும் தனியாகப் போய் நிற்கும். இரண்டாவது, பெயரில் உள்ள பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே பெரிய எழுத்தில் முடியும் ஜேபிஜி வேறு, சின்ன எழுத்தில் முடியும் ஜேபிஜி வேறு. கேமராவிலிருந்து வரும் படங்கள் பெரிய எழுத்தில் முடிவது சாதாரணம். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது. பெயரை மாற்றும்போது ட்ரீம்வீவரின் ஃபைல்ஸ் பேனலுக்குள்ளேயே மாற்றுங்கள். அந்தப் பெயர் வரும் எல்லாப் பக்கத்திலும் திருத்தட்டுமா என்று கேட்டு அதுவே திருத்திக் கொடுக்கும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். ட்ரீம்வீவர் 1997-இல் மேக்ரோமீடியா நிறுவனத்திலிருந்து வந்தது. நீங்கள் சொல்லும் 8-ஆம் பதிப்பு 2005-இல் வெளியானது, மேக்ரோமீடியா பெயரில் வந்த கடைசிப் பதிப்பும் அதுதான். அந்த ஆண்டின் முடிவிலேயே அடோபி அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. அதாவது ஐஃபோன் வருவதற்கு முன்னால் எழுதப்பட்ட புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை இந்த ஒரு தகவலை வைத்தே முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம்.

தளம் அமைத்தல், ஃபைல்களை ஒழுங்குபடுத்துதல், தலைப்பு, பத்தி, பட்டியல், லிங்க், படம், ஃபார்ம், டெம்ப்ளேட் பற்றிய பாடங்கள் எல்லாம் இன்றும் செல்லும். எச்டிஎம்எல்லின் அடிப்படை அப்போது இருந்ததுதான். ஃபிளாஷ் (பக்கத்தில் அசையும் படங்களைக் காட்டிய பழைய தொழில்நுட்பம்) பட்டன், ஃபிளாஷ் டெக்ஸ்ட் வரும் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போங்கள். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. ஒரே திரையைப் பிரித்துப் பல பக்கங்களைக் காட்டும் ஃபிரேம்ஸ் பாடமும் வேண்டாம், எச்டிஎம்எல்5-இல் ஃபிரேம்செட்டுக்கு இடமே இல்லை. கடைசியில் டேட்டாபேஸோடு இணைக்கும் அத்தியாயம் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் காலத்து ட்ரீம்வீவர் தானாக எழுதிக் கொடுத்த பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி) கோட், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்திய பழைய ஃபங்ஷன்கள் 2015-இல் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. அப்படியே தட்டச்சு செய்தால் ஓடாது. தப்பு உங்களுடையது என்று நினைத்து நாள்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நின்று பேச வேண்டியது லேஅவுட் அத்தியாயம். அங்கே பெரும்பாலும் டேபிள் ஒன்றைப் போட்டு, அகலம் 760 பிக்சல் என்று கொடுத்து, இடப்பக்கம் மெனு, நடுவில் விஷயம், வலப்பக்கம் விளம்பரம் என்று மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லியிருப்பார்கள். 760 எங்கிருந்து வந்தது? அப்போது பலரிடம் இருந்த திரை 800-க்கு 600 பிக்சல். ஸ்க்ரோல் பாரும் ஓரமும் போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். எழுதியவர் தம் காலத்துக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அதே பக்கத்தை இன்று ஃபோனில் திறந்து பாருங்கள். எல்லாம் சுருங்கி, எழுத்து எறும்பு மாதிரி தெரியும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஐஃபோனின் சஃபாரி அந்தப் பக்கத்தை 980 பிக்சல் அகலத் திரைக்கானது என்று எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். இதைத் தடுக்க, 'ஹெட்' பகுதியில் 'வியூபோர்ட்' என்ற மெட்டா வரி ஒன்று வேண்டும். இப்போதைய ட்ரீம்வீவர் காட்டும் தொடக்க மாதிரிகளைத் திறந்தால் அந்த வரி எப்படி இருக்கும் என்று தெரியும், அதை நகலெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரியை மட்டும் சேர்த்தால், 760 பிக்சல் டேபிள் திரையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் அந்த அத்தியாயத்தில் படங்களையும் எழுத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, டேபிளை விட்டுவிடுங்கள். ஹெடர், நேவ், மெயின், அசைட், ஃபூட்டர் என்று பகுதிகளாக எச்டிஎம்எல்லை எழுதி, சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) தரும் 'கிரிட்' என்ற கட்ட அமைப்பைக் கொண்டு மூன்று பத்தியாக்குங்கள். 2017 மார்ச்சில் க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது, இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம். முதலில் எதுவும் செய்யாமல் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும், ஃபோனுக்கு அதுவே போதும். திரை அகலமானால் மட்டும் மூன்று பத்தி என்று ஒரு மீடியா க்வெரி சேர்க்க வேண்டும். படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று ஒரு விதி. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, ஃபோன் படம் போட்ட பட்டனைத் தட்டினால், ஃபோனில் எப்படித் தெரியும் என்று உடனே பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் உள்ள அதே பக்கத்தைப் புது முறையில் கட்டுவதால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது கைக்கே புரியும். டேபிளைத் தகவல் அட்டவணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது இன்றும் சரியான கருவி.

மெனுக்கள் காணவில்லை என்றீர்கள். பல இடம் மாறியிருக்கின்றன, சில ஒளிந்திருக்கின்றன. இப்போதைய பதிப்பை முதல்முறை திறக்கும்போது 'டெவலப்பர்' அமைப்பைத் தேர்ந்திருந்தால், கோட் எழுதும் இடம் தவிர வேறெதுவும் பெரிதாகத் தெரியாது. 'விண்டோ' மெனுவில் வொர்க்ஸ்பேஸ் லேஅவுட்டை 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றுங்கள். புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் ப்ராப்பர்டீஸ் பேனல் கண்ட்ரோல்+எஃப்3-இல் வரும், இன்செர்ட் பேனல் கண்ட்ரோல்+எஃப்2-இல். 'டிசைன்' காட்சி, 'லைவ்' பட்டனை ஒட்டியுள்ள சிறிய அம்புக்குறிக்குள் இருக்கும். பழைய பதிப்பையே தேடிப்பிடித்து நிறுவ வேண்டும் என்று அலையாதீர்கள்.

ப்ராப்பர்டீஸ் பேனலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எழுத்தைத் தேர்ந்து, அங்கே அளவையும் நிறத்தையும் மாற்றச் சொல்லும் பாடங்கள் உண்டு. 8-ஆம் பதிப்பு அப்படிச் செய்யும்போதெல்லாம் 'ஸ்டைல்1', 'ஸ்டைல்2' என்று தானாகப் பெயர் வைத்து, அந்தப் பக்கத்தின் தலையிலேயே விதிகளைக் குவிக்கும். பத்துப் பக்கம் ஆனதும், ஒரு பக்கத்தின் ஸ்டைல்1 சிவப்பாகவும் இன்னொன்றின் ஸ்டைல்1 பெரிய எழுத்தாகவும் இருக்கும். சிடியில் உள்ள ஃபைல்களிலும் இதைப் பார்க்கலாம். தனியாக ஒரு சிஎஸ்எஸ் ஃபைல் வைத்து, எல்லாப் பக்கத்தையும் அதோடு இணையுங்கள். தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

தமிழில் பக்கம் செய்யப்போகிறீர்கள் என்றால் இதையும் பாருங்கள். அந்தக் காலப் பயிற்சி ஃபைல்களில் என்கோடிங் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) மேற்கத்திய எழுத்துகளுக்கானதாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ட்ரோல்+ஜே அழுத்தி, பேஜ் ப்ராப்பர்டீஸில் அதை யூனிகோட் யுடிஎஃப்-8 என்று மாற்றிய பிறகே தமிழில் தட்டச்சு செய்யுங்கள்.

கோடிங் தெரியாமல் கற்க முடியுமா? பக்கம் செய்ய முடியும், ஆனால் ஒன்று உடைந்தால் சரிசெய்ய முடியாது. உங்கள் படங்களுக்கு நேர்ந்தது அதுதான். டிசைன் காட்சியில் அந்தப் பக்கம் அழகாகத்தான் இருந்தது, கோட்டைப் பார்த்தால்தான் காரணம் தெரிந்தது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டும் நிரலாக்கம் அல்ல. எச்டிஎம்எல்லில் நீங்கள் அன்றாடம் தொடப்போவது இருபது, முப்பது டேக்குகள்தான். அதற்காகத் தனி வகுப்பு போக வேண்டாம், 'ஸ்ப்ளிட்' காட்சியில் வேலை செய்தால் போதும். ஒரு பாதியில் பக்கம், மறுபாதியில் கோட். மெனு வழியாக ஒரு படத்தைச் சேர்த்ததும் கோட்டில் என்ன முளைத்தது என்று பாருங்கள். அப்புறம் அதை அழித்துவிட்டு, நீங்களே கையால் தட்டச்சு செய்யுங்கள்.

ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை செய்யச் சொல்வேன். முதலில் புத்தகத்தின் ஃபைல்களோடு, சொன்னபடி. சிடியிலிருந்து நேராகத் திறக்காமல், ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துத் திறங்கள், சிடியில் சேமிக்க முடியாது. இரண்டாவது முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் சொந்த எழுத்து, சொந்தப் படங்களோடு. எங்கே கை நிற்கிறதோ அந்த இடம் மட்டும்தான் உங்களுக்கு இன்னும் வரவில்லை, அதை மட்டும் புத்தகத்தில் திரும்பப் பாருங்கள். முடிந்த நிலையிலுள்ள ஃபைல்களும் சிடியில் இருக்கலாம். அதை ஆரம்பத்திலேயே திறந்து பார்ப்பவர்கள், கடைசிப் பாடம் வந்த பிறகும் வெற்றுப் பக்கத்தின் முன்னால் திகைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டால் மட்டும் திறந்து, உங்கள் கோட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

சர்வரில் ஏற்றும் பாடத்தில் இரண்டு திருத்தம். புத்தகம் எஃப்டிபி (ஃபைல்களை சர்வருக்கு அனுப்பும் முறை) என்று சொல்லும் இடத்தில், உங்கள் ஹோஸ்டிங் அனுமதித்தால் அதன் பாதுகாப்பான மாற்றான எஸ்எஃப்டிபி என்று தேர்ந்துகொள்ளுங்கள், வழக்கமான போர்ட் 22. சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகிறது. இன்னொன்று, மேல்நோக்கிய அம்பு 'புட்', கீழ்நோக்கியது 'கெட்'. அவசரத்தில் கெட் அழுத்தினால் சர்வரில் உள்ள பழைய பக்கம் வந்து, நீங்கள் இப்போது திருத்திய பக்கத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

இன்னொரு செலவும் கணக்கில் வரட்டும். 2013-க்குப் பிறகு வந்த ட்ரீம்வீவர் பதிப்புகள் சந்தாவில்தான் கிடைக்கின்றன. இப்போதுதான் பழகுகிறீர்கள், சந்தா சுமையாகத் தெரிந்தால் விஎஸ் கோட் என்ற இலவச எடிட்டர் போதும். அதில் டிசைன் காட்சி கிடையாது, கோட்டை ஒரு பக்கமும் பிரவுசரை மறுபக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். ட்ரீம்வீவரில் செய்ததை மறுபடி செய்ய வேண்டியதில்லை. 'ஓபன் ஃபோல்டர்' கொடுத்து, நீங்கள் 'நியூ சைட்' செய்தபோது காட்டிய அதே ஃபோல்டரைத் திறந்தால் போதும். டெம்ப்ளேட் வைத்துச் செய்த பக்கங்கள் மட்டும் அங்கே தானாகப் புதுப்பிக்கப்படாது, அவற்றைத் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும்.