கேஷ்பேக் 187 ரூபாய், டெலிவரிக் கட்டணம் 560 ரூபாய்

கேள்வி: வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது 46,000. வாடகை, ஸ்கூல் ஃபீஸ் தனி. வீட்டுச் சாமானுக்கே மாதம் 20,000 ஓடிவிடுகிறது. மாடி வீட்டு அக்கா கேஷ்பேக், ரிவார்டு பாயின்ட், பில்லை போட்டோ எடுத்து அனுப்பினால் காசு தரும் ஆப் என்று மாதம் 2,000 ரூபாய் வரை எடுப்பதாகச் சொல்கிறார். நானும் ஐந்து ஆப் போட்டேன். போன மாதம் வந்தது 187 ரூபாய். கிரெடிட் கார்டு வாங்கினால் கூடுதலாக வருமா? ஓட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் பணம் என்று டெலிகிராமில் ஒருவர் கூப்பிடுகிறார், சேரலாமா? மாதம் 1,000 ரூபாய் தீபாவளிச் சீட்டும் கட்டுகிறேன். போன மாதக் கணக்கு, ஆர்டர் பில்கள், மாமியாரின் மருந்துச் சீட்டு எல்லாம் படமாக அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், சென்னை-49)

பதில்: அந்த டெலிகிராம் ஆளை முதலில் பிளாக் செய்யுங்கள், மீதியைப் பிறகு பேசலாம். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே உங்கள் கணக்கில் விழும். இரண்டாம் நாளும் விழும். மூன்றாம் நாள் “பிரீமியம் டாஸ்க்” என்று சொல்லி 2,000 கட்டச் சொல்வார்கள், அப்புறம் 10,000. போட்ட பணத்தை எடுக்க இன்னும் பணம் போட வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இப்போதே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு.

உங்கள் கணக்கை இரண்டு முறை படித்தேன். மளிகை 7,200, காய்கறி பழம் 4,500, பால் தயிர் 2,000, மாமியாருக்கு மருந்து 2,400, சோப்பு ஷாம்பூ வகையறா 1,400, பத்து நிமிட டெலிவரி ஆப்பில் 2,900. மொத்தம் 20,400. இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு வரியை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய ஆர்டர் படங்களை எண்ணினால் 23 இருக்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள். வியாழக்கிழமை இரவு 8.40: கொத்தமல்லி 18, தயிர் 35, பிரட் 50. சாமான் 103 ரூபாய். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணில் படாத எழுத்தில், ஹேண்ட்லிங் 11, சின்ன ஆர்டர் கட்டணம் 20. ஆக 134. அதற்கு வந்த கேஷ்பேக் 6 ரூபாய். 23 ஆர்டரிலும் இந்தக் கட்டணங்களை மட்டும் கூட்டினேன், 560 வந்தது. அதாவது 187 ரூபாய் சம்பாதிக்க 560 கொடுத்திருக்கிறீர்கள்.

அண்ணாச்சி கடையில் காய் வாங்கினால் கொஞ்சம் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பையில் போடுவார். கொசுறு. அதற்காக யாரும் கூடுதலாக ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கியதில்லை. கேஷ்பேக்கும் கொசுறுதான், ஆனால் ஆப்பில் வரிசை தலைகீழ்: கொசுறை முதலில் காட்டிவிட்டு, கத்தரிக்காயை அப்புறம் கேட்கிறார்கள். “இன்னும் 46 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்” என்று வரும்போது நீங்கள் தேடிப் பிடித்துப் போடும் அந்தச் சிப்ஸ் பாக்கெட் எந்தக் கணக்கில் வரும்? ஆப் தரும் காயின், வவுச்சர் எல்லாம் அடுத்த முறை அவர்களிடமே, அதுவும் ஒரு தேதிக்குள், வாங்கினால்தான் செல்லும். அதைப் பணம் என்று நான் எழுத மாட்டேன்.

மாடி வீட்டு அக்காவின் 2,000 பற்றி: பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. புது ஆப்பில் முதல் ஆர்டருக்குத் தருவதும், ஆள் சேர்த்தால் தருவதும் சேர்ந்தால் ஒரு மாதம் அவ்வளவு வரலாம். பிறகு நின்றுவிடும். பில் போட்டோ ஆப்களில் நீங்கள் விற்பது உங்கள் போன் நம்பரையும் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற விவரத்தையும்தான். கிடைப்பது சில்லறை. எனக்குப் பிடிக்காது. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் செய்யுங்கள், ஆனால் வங்கி எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிரெடிட் கார்டு விஷயம். சாதாரணக் கார்டுகளில் மளிகைக்கு 1 சதவீதம் திரும்பி வந்தாலே நல்லது. உங்கள் 20,000க்கு 200 ரூபாய். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டவில்லையென்றால், சாமான் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், மாதம் 3.5 சதவீதம் அளவில். 20,000க்கு 700, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 126. ஒரு மாதச் சறுக்கலுக்கு 826 ரூபாய், நாலு மாதப் பாயின்ட் காலி. “மினிமம் டியூ கட்டினால் போதும்” என்பது வங்கிக்குத்தான் போதும். சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போன இடத்தில் தேதியை மறந்து நானும் கட்டியிருக்கிறேன், புத்தி சொல்கிற தொழிலில் இருந்துகொண்டே. உங்கள் வீட்டில் மாதக் கடைசியில் கை கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் கார்டு இப்போது வேண்டாம். ஆறு மாதம் போகட்டும். அதற்குள் கையில் ஒரு மாதச் செலவுத் தொகை சேர்ந்துவிட்டால், ஆண்டுக் கட்டணம் இல்லாத ரூபே கார்டு ஒன்றை வாங்கி யுபிஐயில் இணைத்துக்கொள்ளலாம். பல கடைகளின் கியூஆரிலேயே அது வேலை செய்யும்.

சரி, பணம் எங்கே இருக்கிறது? உங்கள் கணக்கில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது மருந்து வரி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடும் மாத்திரைகள், மூன்று பிராண்ட் பெயர்கள். அதே மூலப்பொருள், அதே மில்லிகிராம், மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் மக்கள் மருந்தகத்தில் பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. 2,400 என்பது 1,200 ஆனாலே உங்கள் கேஷ்பேக்கைப் போல ஆறு மடங்கு. இன்னொன்று, 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த இரண்டு நோய்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரைப் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். கௌரவக் குறைச்சல் என்று மாமியார் நினைத்தால், மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

ரேஷனில் சர்க்கரை மட்டும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது அரிசி அட்டை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறைத் தாண்டி நிற்கிறது. பாமாயில் பிடிக்கவில்லையென்றால் அப்பளம் பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள். வாங்காத பொருளுக்கு “வாங்கினீர்கள்” என்று போனுக்கு எஸ்எம்எஸ் வந்தால் 1967இல் புகார் சொல்லலாம்.

மளிகையில் பிராண்டை மாற்றச் சொல்ல மாட்டேன், பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். போன வாரம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று 165 ரூபாய், இன்னொன்று 152, “ஆஃபர்” என்று மஞ்சள் அட்டை. பார்வைக்கு இரண்டும் ஒரே உயரம். திருப்பினால் முதலாவது 1 லிட்டர், 910 கிராம். இரண்டாவது 750 கிராம். கிலோ கணக்குக்கு மாற்றினால் முதலாவது 181, ஆஃபர் பாக்கெட் 203. என் முன்னால் நின்றவர் ஆஃபரில் மூன்று எடுத்துப் போனார். எண்ணெய்க்கு இருந்த நிர்ணய அளவுகளை எடுத்துவிட்ட பிறகு கம்பெனிக்குக் கம்பெனி 850, 800, 750 என்று வைத்துவிட்டார்கள். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் யூனிட் விலை அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒன்றில் கிராமுக்கு, இன்னொன்றில் லிட்டருக்கு என்று இருந்தால் மட்டும் கால்குலேட்டர் வேண்டும். சோப்பு, பற்பசை, ஷாம்பூ, தலைக்கு எண்ணெய் இவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18இலிருந்து 5 ஆனது. எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் 1915, நுகர்வோர் உதவி எண்.

கொஞ்சம் சம்பாதிக்கவும் வேண்டும் என்கிறீர்கள். உங்கள் தெருவிலிருந்து கோயம்பேடு தூரமில்லை, சாதாரணக் கட்டண பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்காக அங்கே போவது வீண், மொத்தக் கடையில் அரை கிலோ கேட்டால் முறைப்பார்கள், மலிவு என்று ஐந்து கிலோ தக்காளி வாங்கினால் மூன்றாம் நாள் பாதி குப்பைக்குப் போகும். உங்கள் குடியிருப்பில் எட்டு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஐந்து வீடு சேர்ந்தால் வெங்காயம், உருளை, தக்காளி, சின்ன வெங்காயம் இந்த நாலை மட்டும் வாரம் ஒருமுறை மொத்தமாக எடுத்துப் பிரிக்கலாம். எடை போட்டுப் பிரிப்பது நீங்கள், ஆட்டோ செலவு பொது, உங்கள் உழைப்புக்கு வீட்டுக்கு 30 ரூபாய் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்து விலையில் ஏற்றினால் இரண்டாவது வாரம் பேச்சு வரும். ஐந்து வீடு, நாலு வாரம், 600 ரூபாய். பருப்பும் மிளகாயும் மாதம் ஒருமுறை பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் இதே மாதிரி எடுக்கலாம். பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள், கடன் வைத்தால் நட்பும் போகும். பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு வெளியாருக்கு விற்கும் யோசனை வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அது வேறு கதை. சேர்ந்து வாங்குவது நம் ஊருக்குப் புதிதில்லை. திருவல்லிக்கேணியில் 1904இல் சில நண்பர்கள் இப்படிக் கூடித் தொடங்கியதுதான் டியூசிஎஸ் என்ற கூட்டுறவுப் பண்டக சாலை.

மிச்சமாகும் என்று நான் போட்ட கணக்கு இது: டெலிவரிக் கட்டணத்தில் 400, மருந்தில் 1,200, ரேஷன் பருப்பில் சுமார் 100, எண்ணெய் மளிகையில் 300. மாடி வீட்டு அக்காவின் 2,000 வந்துவிட்டது. ஆனால் அது பர்ஸில் இருந்தால் இருக்காது. சம்பளம் வந்த மறுநாளே அஞ்சலக ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், போய்விடும்படி செய்யுங்கள். 6.7 சதவீத வட்டியில் மாதம் 2,000 ஐந்து வருஷத்தில் 1,42,000 தாண்டும். இடையில் எடுக்க வேண்டி வரும் என்றால் வங்கியில் ஒரு வருஷ ஆர்டி போதும்.

தீபாவளிச் சீட்டை நடத்துகிறவர் தெரிந்தவர் என்பதால் கட்டுகிறீர்கள். கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் இந்தத் தீபாவளியோடு சாமானை வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுங்கள். அடுத்த தீபாவளிக்கு அதே 1,000த்தை வங்கி ஆர்டியில் போட்டால், எந்தக் கடையில் எந்த எண்ணெய் என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

மருந்துச் சீட்டின் படத்தில் இரண்டாவது மாத்திரை மெதுவாகக் கரையும் வகை. அதை மாற்றும்போது அதே வகைதானா என்று பார்க்க வேண்டும், அதை நான் சொல்லக் கூடாது. அடுத்த செக்கப் 14ஆம் தேதி என்று சீட்டின் மூலையில் எழுதியிருக்கிறது. அன்றைக்கு டாக்டரிடமே மூலப்பொருளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.