‘நீ அம்மா, அப்படித்தான் சொல்வாய்’: பாராட்டைத் தட்டிவிடும் மகளுக்கு எப்படி ஊக்கம் தருவது?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சிறு வயதிலிருந்தே நன்றாக வரைவாள். இரண்டு மாதங்களுக்கு முன் பள்ளியிலிருந்து ஓர் ஓவியப் போட்டிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவளை எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஓவிய நோட்டைத் திறப்பதே இல்லை. ‘உன்னைப்போல வரைய யாராலும் முடியாது’ என்று தேற்றினால், ‘நீ அம்மா, அப்படித்தான் சொல்வாய்’ என்று எரிந்து விழுகிறாள். உடம்பு பெருத்துவிட்டது என்று கண்ணாடி முன் நின்று முகம் சுளிக்கிறாள். அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எது சொன்னாலும் தவறாகிவிடுகிறது. அவளை எப்படி உற்சாகப்படுத்துவது? அடுத்த போட்டிக்கு நானே பெயர் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் மகள் சொன்னதில் கோபம் இருக்கிறது, ஆனால் தவறு இல்லை. நீங்கள் அம்மா, அப்படித்தான் சொல்வீர்கள். அவள் எதை வரைந்தாலும் உங்களுக்குப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு வயதில் அது போதுமானதாக இருந்தது. இப்போது அவளுக்குத் தேவைப்படுவது வேறொன்று: தன் கை உண்மையில் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்ற கணக்கு. அந்தக் கணக்கை உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். உங்கள் பாசத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் தீர்ப்பில்தான் சந்தேகம். நீங்களோ பாசத்தைத் தீர்ப்பின் வடிவில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் தீர்ப்பைத் தட்டிவிடும்போது பாசத்தையே தட்டிவிட்டதாக உங்களுக்குப் படுகிறது. இருவருக்கும் இடையிலுள்ள முடிச்சு இதுதான். இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் பாராட்டைப் பார்ப்போம். ‘நீ கெட்டிக்காரி’ என்பது கேட்க இனிமையான சொல். அது என்ன செய்கிறது என்பதை கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகிய இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலியாக இருக்கவேண்டும்’ என்றார்கள். வேறு சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கவேண்டும்’ என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து எந்த வகைப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுலபமாக ஜெயிக்கக்கூடியதையே விரும்பினார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள் வந்தன, எல்லோரும் தடுமாறினார்கள். கடைசியாக முதலில் கொடுத்த அளவுக்கே எளிதான புதிர்களைக் கொடுத்தபோது, உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலிகள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு குழந்தைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் கணிசமானோர் கூட்டி எழுதினார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் உறைத்த செய்தி. பட்டத்தைக் காப்பாற்றப் பொய்யாவது சொல்லியாகவேண்டும் என்ற நிலைக்கு ஒரு வரிப் பாராட்டு கொண்டுபோய்விட்டது.

‘உன்னைப்போல யாராலும் முடியாது’ என்பது அதைவிடவும் பெரிய பட்டம். எடி புரும்மெல்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நெதர்லாந்தில் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உங்கள் வீட்டுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. குழந்தைகளை ஓர் ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பிறகு ஓர் ஓவியர் எழுதியதாகச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். சிலருடைய சீட்டில் ‘அழகான ஓவியம்’ என்று இருந்தது. சிலருடையதில் ‘நம்பமுடியாத அளவுக்கு அழகான ஓவியம்’ என்று இருந்தது. தங்களைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைத்த குழந்தைகள், ஊதிப் பெருக்கிய பாராட்டைக் கேட்டபின் கடினமான படங்களை விட்டு எளிதான படங்களையே வரையத் தேர்ந்தெடுத்தார்கள். தன்னம்பிக்கை உள்ள குழந்தைகளிடம் இந்த விளைவு இல்லை. பெரியவர்கள் மிகையாகப் பாராட்டுவதோ தன்னம்பிக்கை குறைந்த குழந்தைகளைத்தான் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அடிபட்ட குழந்தையைக் கண்டதும் நம் வாய் தானாகவே பெரிய சொல்லைத் தேடுகிறது. அந்தச் சொல்லே அடுத்த முறை எட்டமுடியாத உயரமாகிவிடுகிறது.

சரி, இனிமேல் ‘நன்றாக முயன்றாய்’ என்று மட்டும் சொல்லலாமா? குழந்தை வளர்ப்புக் கட்டுரைகள் இதை ஒரு மந்திரமாக்கிவிட்டன. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தோற்று வந்த 12 வயதுப் பெண்ணிடம் ‘முயற்சி செய்தாயே, அதுவே பெரிது’ என்றால், ‘உனக்கு வராது, பாவம்’ என்றுதான் அவள் காதில் விழும். அந்த வயதுக்கு மறைபொருள் புரியும். ஆறுதல் பரிசையும் உண்மையான பரிசையும் பிரித்தறிய அவளுக்குத் தெரியும்.

பட்டமும் வேண்டாம், ஆறுதல் பரிசும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது பார்ப்பது. பாத்திரம் துலக்கிக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே ‘அருமை’ என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதை விட்டுவிட்டு, அவள் வரைந்த தாளைக் கையில் வாங்கி அரை நிமிடம் பேசாமல் பாருங்கள். ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். முகம் சுலபமாக வந்திருக்கும். கை இருக்கும் இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, ரப்பர் தேய்த்த அழுக்குச் சாம்பலாகப் படிந்திருக்கும். விரல்களை அழித்து அழித்து வரைந்திருக்கிறாள். கடைசியில் கையை மடிப்புக்குள் மறைத்துவிட்டாள். இப்போது சொல்வதற்கு உங்களிடம் உண்மையான ஒரு விஷயம் இருக்கிறது: ‘இந்தக் கையோடு நிறையப் போராடியிருக்கிறாய் போலிருக்கிறதே. எது சரியாக வரவில்லை?’ இதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. அம்மா தன் படத்தைப் பார்த்தாள், தான் பட்ட பாட்டைக் கண்டுகொண்டாள் என்பது மட்டும் இருக்கிறது. ‘கட்டைவிரல் எப்போதும் தப்பாகவே போகிறது’ என்று அவள் பதில் சொன்னால், உங்களுக்கு ஓவியத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. தொடர்ந்து கேட்டால் போதும். பதில் சொல்லாமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. கேள்வி அவளோடு போய்விட்டது.

இப்போது அவள் வரைவதே இல்லையே என்பீர்கள். பழைய நோட்டுகளை எடுத்து அவள் முன் பரப்பவேண்டாம். அது வழக்கை மறுபடி விசாரிப்பதுபோல ஆகும். கணக்கு நோட்டின் ஓரத்தில் என்றைக்காவது ஒரு கண்ணையோ பூனையையோ கிறுக்கியிருப்பாள். அதுவரை காத்திருங்கள்.

தீர்ப்பு அவளுக்கு வேண்டுமே, அதற்கு என்ன வழி? அதை ஓவிய ஆசிரியரிடமிருந்து வாங்க அவளுக்குத் துணை நில்லுங்கள். ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். காரணம் தெரியாத தோல்வியைக் குழந்தைகள் தங்கள் மீதே எழுதிக்கொள்வார்கள். ஒருவேளை வண்ணம் தீட்டுவதில் குறை இருந்திருக்கலாம். நேரத்துக்குள் முடிக்காமல் இருந்திருக்கலாம். மேல் வகுப்புக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கலாம். நீங்கள் போய்ச் சண்டை போடக்கூடாது, சிபாரிசும் கேட்கக்கூடாது. ‘அடுத்த முறைக்கு நான் எதைத் திருத்தவேண்டும்?’ என்று அவளே கேட்கும்படி, முடிந்தால் முதல் நாள் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கும்படி செய்யுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வருவதே, பதில் எதுவாக இருந்தாலும், உங்கள் நூறு பாராட்டுகளைவிட அவள் முதுகை நிமிர்த்தும்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ‘மிக மிகப் புத்திசாலி’ ஒருவரைப் பற்றிய கதையைச் சொல்லி, அவர் யாராக இருக்கும் என்று படங்களிலிருந்து காட்டச் சொன்னார்கள். ஐந்து வயதில் ஆண் குழந்தைகள் ஆணையும் பெண் குழந்தைகள் பெண்ணையும் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் தம் பாலினத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது. உங்கள் மகள் இந்தக் காற்றில்தான் ஆறேழு ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறாள். ‘எனக்கு வராது’ என்று அவள் சொல்லும்போது அதில் அவள் குரல் மட்டும் இருப்பதில்லை.

இனி பாசத்தின் பக்கம். கதவு சாத்தப்படுவதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாயின் குரலையும் முன்பின் தெரியாத பெண்களின் குரலையும் கேட்கும்போது பிள்ளைகளின் மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். 12 வயது வரை, மகிழ்ச்சியையும் கவனத்தையும் கையாளும் பகுதிகள் தாயின் குரலுக்கே அதிகம் தூண்டப்படுகின்றன. சுமார் 13 வயதிலிருந்து புதிய குரல்களுக்கு அதிகம் தூண்டப்படத் தொடங்குகின்றன. தாயின் குரல் செல்லாக்காசாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. வெளியுலகத்தோடு பழக மூளை தன்னைத் தயார் செய்துகொள்கிறது. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். தோழி சொல்வது வேதவாக்காகவும் நீங்கள் சொல்வது தொணதொணப்பாகவும் தோன்றுவதில் உடலின் பங்கும் உண்டு.

ஆனால் அடிபட்டு வரும் நேரத்தில் உங்கள் குரலுக்கு மாற்று இல்லை. வேறோர் ஆய்வில், 7 முதல் 12 வயது வரையிலான சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலரைத் தாய் நேரில் வந்து அணைத்துக்கொண்டார். சிலரோடு தொலைபேசியில் பேசினார். மற்றவர்கள் ஒரு திரைப்படம் பார்த்தார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற ஹார்மோன், தாய் அணைத்த சிறுமிகளுக்கும் போனில் பேசிய சிறுமிகளுக்கும் ஏறக்குறைய ஒரேபோல விரைவாக இறங்கியது. இது 2010-இல் வெளியானது. அதே குழுவினர் 2012-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், தாயோடு எழுத்துச் செய்தி மட்டும் பரிமாறிக்கொண்ட சிறுமிகளுக்கு இந்தத் தணிப்பு கிடைக்கவில்லை. ஆகவே, நீங்கள் வேலையில் இருக்கும்போது அவள் சோர்ந்துபோய்ச் செய்தி அனுப்பினால், இதயப் படம் ஒன்றைத் தட்டிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் அழைத்துப் பேசுங்கள். அறிவுரை எதுவும் தேவையில்லை.

உடம்பைப் பற்றிய அவளது கவலைக்கு நேரான பதில் உண்டு. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். பெண்களுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் மாதவிடாய் வருகிறது. இந்தக் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது வளர்ச்சியின் பகுதி. நோயுமல்ல, அவளது அலட்சியமுமல்ல. இதைச் சங்கோஜமில்லாமல் சொல்லிவிடுங்கள். ‘நீ அழகுதான்’ என்று இதற்கும் ஒரு பட்டம் கொடுக்கவேண்டாம். அதைவிட முக்கியமாக, நீங்கள் கண்ணாடி முன் நின்று உங்கள் உடம்பைத் திட்டுவதை நிறுத்துங்கள். அவள் அந்த முகச்சுளிப்பை எங்கோ பார்த்துத்தான் கற்றிருப்பாள்.

தூக்கத்தையும் கவனியுங்கள். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தேவை. பருவ வயதில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னே தள்ளிப்போகும். எரிந்து விழுவதில் பாதி தூக்கக் குறைவாகவே இருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் காத்திருக்காமல் செய்யவேண்டும். பெரும்பாலான நாட்கள் சோகமாகவோ எரிச்சலாகவோ இருப்பது இரண்டு வாரங்களைத் தாண்டினால், சாப்பாட்டைத் தவிர்த்தால், தோழிகளையும் ஒதுக்கினால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்பதுபோலப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றைக்கே போகவேண்டும். ஓவியம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றபடி சிரித்துப் பேசி, உண்டு உறங்கினால் பயப்பட ஏதுமில்லை.

கடைசியாக, நீங்களே பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட சிறு குழந்தைகளிடம், வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார் மார்க் லெப்பர் என்ற உளவியலாளர். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 1973-இல் வந்த இந்த ஆய்வு போட்டியே கெடுதல் என்று சொல்லவில்லை. தன் விருப்பமாக இருந்தது பரிசுக்கான வேலையாக மாறினால் என்ன ஆகும் என்றுதான் எச்சரிக்கிறது. உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது. அறிவிப்பு வந்தால், ‘இப்படி ஒன்று வந்திருக்கிறது, கடைசித் தேதி இது’ என்று ஒருமுறை சொல்லி, தாளை அவள் மேசையில் வையுங்கள். நினைவூட்டவேண்டாம். தேதி கடந்துபோனால் போகட்டும். அவள் சேர முடிவெடுத்து, படிவம் நிரப்ப உதவி கேட்டால் தாராளமாக நிரப்பிக் கொடுங்கள்; எந்தப் படத்தை அனுப்புவது என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த படம் அதுவாக இல்லாவிட்டாலும் சரி.