லாராவை ஏன் முன்னால் வைக்கிறேன்

அன்புள்ள ஐயா,

மட்டையாளர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். தாங்கள் பார்த்தவர்களில் பிரையன் லாராவே தலைசிறந்தவர் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்ட் போட்டிகளில் 53.78 சராசரியுடன் 15,921 ஓட்டங்களும் 51 சதங்களும் எடுத்திருக்கிறார். லாராவின் சராசரி 52.88, சதங்கள் 34. கணக்கே தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு விவாதம் எதற்கு? என் வீட்டிலும் இந்த வழக்கு முடிந்தபாடில்லை. அப்பா கவாஸ்கரை விட்டுக்கொடுக்க மாட்டார். நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எதிர்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 13 சதங்கள் அடித்தவர் வேறு யார் என்று கேட்பார். மகனுக்கு விராட் கோலிதான் எல்லாம். ஆளுக்கொரு பெயரைச் சொல்வதற்கு அவரவர் வயதைத் தவிர வேறு காரணமே இல்லையா? கடைசியாக ஒன்று: லாராவின் ஆட்டமிழக்காத 153 ஆண்டிகுவாவில் எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பார்படாஸ் அல்லவா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் குறிப்பிடும் இரு சராசரிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஓர் ஓட்டத்துக்கும் குறைவு. சச்சின் 329 இன்னிங்ஸ்களில் 33 முறை ஆட்டமிழக்காமல் இருந்தார். லாரா 232 இன்னிங்ஸ்களில் 6 முறைதான். சராசரி வகுக்கும்போது வழக்கமாகச் சேர்க்காத அந்த ஆட்டமிழக்காத இன்னிங்ஸ்களையும் சேர்த்து வகுத்தால் சச்சினுக்கு 48.39, லாராவுக்கு 51.52 என்று வரிசை தலைகீழாகிவிடும். இதை லாராவுக்குச் சாதகமான சான்றாக நான் முன்வைக்கவில்லை, ஏனெனில் கடைசிவரை நிற்பது ஒரு மட்டையாளரின் குற்றமாகாது. ஒரே பேரேட்டை இரு விதமாகப் படித்தால் இரு தீர்ப்புகள் கிடைக்கும்போது, அந்தப் பேரேட்டை நீதிபதியாக உட்கார வைக்க முடியாது என்றுதான் சொல்ல வருகிறேன். சராசரி ஒன்றே போதும் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே மனிதர் டொனால்ட் பிராட்மன். 99.94 என்ற எண்ணுக்கும் அடுத்து நிற்பவர்களுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஓட்டங்கள் இடைவெளி இருக்கிறது. ஆனால் அவரை நானோ நீங்களோ உங்கள் தந்தையோ பார்த்ததில்லை. நம் பேச்சு பார்த்தவர்களைப் பற்றியது.

நான் கையாளும் அளவுகோல் எளியது. அதே களத்தில், அதே பந்து வீச்சை எதிர்த்து, அதே நாட்களில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறேன். 2001 இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இலங்கையில் ஆடிய மூன்று டெஸ்ட் போட்டிகளையும் தோற்றது. அந்தத் தொடரில் லாரா எடுத்தவை 178, 40, 74, 45, 221, 130, மொத்தம் 688. முரளிதரன் தம் சொந்த மண்ணில், அவருக்கென்றே அமைந்தது போன்ற களங்களில் வீசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் நின்றவர்கள் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் மட்டையைக் கால்காப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு தடுமாறினார்கள். லாராவோ இறங்கி வந்து பந்தின் குதிப்பிலேயே அடித்தார், அல்லது முழங்காலை ஊன்றிப் பெருக்கினார், அல்லது பின்காலில் சாய்ந்து, பந்து திரும்பி முடிக்கும்வரை காத்திருந்து, இரு தடுப்பாளர்களுக்கு நடுவே தள்ளினார். ஒருவரை இடம் மாற்றினால் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கே அடுத்த பந்து போகும். மாற்ற மாற்றத் தடுப்பு வியூகத்தில் ஓட்டைகள் கூடிக்கொண்டே போவதை நான் வேறெவர் ஆடும்போதும் அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. தோற்ற தொடர்தானே என்று நீங்கள் கேட்கலாம். பதினொருவரில் ஒருவர் மட்டும் வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்தத் தோல்வியே எனக்குச் சான்றாகப் படுகிறது.

நீங்கள் குறிப்பிடும் ஆட்டமிழக்காத 153 ஐயும் இதே தராசில் வையுங்கள். 1999 மார்ச். அதே தொடரின் முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியாவிடம் 51 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி அது. மூன்றாவது டெஸ்டில் இலக்கு 308. எதிரே பந்து வீசியவர்கள் மெக்ராத், கில்லெஸ்பி, வார்ன், மெக்கில். 105 க்கு ஐந்து விக்கெட்டுகள் விழுந்த பிறகு ஜிம்மி ஆடம்ஸ் 38 ஓட்டங்கள் எடுத்துத் துணை நின்றார். அதன் பின் பந்து வீச்சாளர்களான ஆம்புரோஸும், கடைசியில் கோர்ட்னி வால்ஷும். வால்ஷின் மட்டைத் திறமையை அறிந்தவர்களுக்கு அந்த நிமிடங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. இடையில் ஆஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் ஹீலி ஒரு கேட்சைத் தவறவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவறவிடப்பட்ட கேட்ச் இல்லாத மாபெரும் இன்னிங்ஸைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும்.

இந்தத் தராசில் சச்சினின் தட்டு ஒன்றும் லேசானதல்ல. அதே ஆண்டு ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இலக்கு 271. அவர் களமிறங்கியபோது 6 க்கு இரண்டு, பிறகு 82 க்கு ஐந்து. முதுகுவலியோடு அவர் எடுத்த 136 ஐயும் மோங்கியாவின் 52 ஐயும் விட்டுவிட்டால் அந்த இன்னிங்ஸில் எஞ்சுவது சொற்பம். 17 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் அவர் ஆட்டமிழக்க, மீதமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் விழுந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. எதிர் அணியின் பந்து வீச்சில் வாசிம், வக்கார், சக்லைன் ஆகிய மூவரும் இருந்தார்கள். பார்படாஸ் இன்னிங்ஸைவிட இது ஒரு மாற்றுக் குறைவு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1989 இல் பதினாறு வயதில் கராச்சியில் தொடங்கி 2013 வரை நீண்ட ஆட்டத்துக்கு ஈடு சொல்லவும் என்னிடம் பெயர் இல்லை. 2004 ஜனவரியில், தம்மை அத்தொடர் முழுதும் வீழ்த்திக்கொண்டிருந்த கவர் டிரைவ் என்ற அடியையே துறந்துவிட்டு, சிட்னியில் ஆட்டமிழக்காமல் 241 எடுத்ததைத் தவம் என்றே சொல்வேன். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு ஒருவரை அணியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் சச்சினைத்தான் அழைப்பேன். சச்சின் தம்முன் வைக்கப்பட்ட கணக்கை எவரினும் நேர்த்தியாகத் தீர்த்தார். லாரா சிறப்பாக ஆடிய நாட்களில் கணக்குப் போட வேண்டியவர் எதிரணித் தலைவர் ஆகிவிட்டார். கட்டுரையில் நான் முதலிடம் கொடுத்தது அந்த நாட்களுக்கு. இது ஒரு சாய்வு என்பதை அறிவேன்; மறைக்கவில்லை.

உங்கள் தந்தையின் வாதத்தில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். கவாஸ்கரின் 13 சதங்களில் நான்கு 1971 தொடரில் வந்தவை. நான்கு வேகங்கள் என்ற ஏற்பாடு அப்போது உருவாகியிருக்கவில்லை. இன்னும் நான்கு, 1978-79 இல் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்குச் சென்றுவிட்ட முன்னணி வீரர்கள் இல்லாமல் வந்த அணிக்கு எதிராக எடுத்தவை. உங்கள் தந்தை எண்ணிக்கையை விட்டுவிட்டு 1983 ஐப் பிடித்துக்கொண்டால் எவராலும் அவரை அசைக்க முடியாது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் தொடக்க ஆட்டக்காரராக இறங்காமல் நான்காவதாக வருவது என்று கவாஸ்கர் முடிவு செய்தார். மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் மார்ஷல் ஓட்டமேதும் கொடுப்பதற்குள் இரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தியதால், 0 க்கு இரண்டு என்ற நிலையில் வந்து சேர்ந்து, ஆட்டமிழக்காமல் 236 எடுத்தார்.

கோலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவருடைய ஒருநாள் ஆட்டத்தைப் பற்றித் தனியாக எழுதும் எண்ணம் இருப்பதால். 2014 இல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸ்களில் 134 ஓட்டங்கள்; 2018 இல் அதே நாட்டில் 593, அதுவும் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனிடம் ஒருமுறைகூட விக்கெட்டைக் கொடுக்காமல். தம்முடைய ஆட்டத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிய ஒருவரைப் பதின்வயதில் பார்க்கக் கிடைத்தது உங்கள் மகனின் பேறு.

வயதுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி உண்மை. 1987 இல் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கவாஸ்கர் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பந்து தாறுமாறாகத் திரும்பிய அந்தக் களத்தில், 221 இலக்கைத் துரத்திய அந்த இன்னிங்ஸில், வேறு எந்த இந்திய மட்டையாளரும் 30 ஐத் தொடவில்லை. இந்தியா 16 ஓட்டங்களில் தோற்றது. சிறுவனான எனக்கு அது மிக மெதுவான, சலிப்பூட்டும் ஆட்டமாகத் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பதிவுகளில் பார்த்தபோதுதான், ஒவ்வொரு பந்தையும் அவர் எவ்வளவு தாமதமாக, கைகளைத் தளர்த்தி ஆடியிருக்கிறார் என்பது புலப்பட்டது. ஆகவே அன்று அதைப் பார்த்தேன் என்று உரிமை கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. என் பட்டியல் நான் பார்க்கக் கற்றுக்கொண்ட தொண்ணூறுகளிலிருந்து தொடங்குகிறது, அதில் கவாஸ்கர் இல்லாமற்போனது அவருடைய குறையல்ல.

ஆண்டிகுவா பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த 153 எடுக்கப்பட்டது பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில். கட்டுரையில் திருத்திவிட்டேன், நன்றி. ஆண்டிகுவாவில் லாரா எடுத்தவை 1994 இன் 375, 2004 இன் ஆட்டமிழக்காத 400 என்ற இரண்டு உலக சாதனைகள். கை தவறியதற்கு அவையே காரணமாக இருக்கலாம். அவ்விரண்டையும் கட்டுரையில் சேர்க்காமல் விட்டது மட்டும் தவறி நிகழ்ந்ததல்ல. இரண்டு போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. 1994 இல் மேற்கிந்தியத் தீவுகள் எடுத்த 593 க்கு, அதே களத்தில் ஆதர்ட்டனும் ராபின் ஸ்மித்தும் சதம் அடிக்க, இங்கிலாந்தும் சரியாக 593 எடுத்தது.