மாமன் மகளைக் கட்டியதால் வந்ததா? எம்.இ.சி.பி.2 ரிப்போர்ட் பற்றி

அண்ணாச்சி, மார்த்தாண்டத்துல இருந்து நீங்க எழுதினதைப் படிச்சேன். ஒன்றரை வயசு வரை ‘அம்மா, தாத்தா’ சொன்ன பிள்ளை பேச்சை விட்டுட்டா, எந்நேரமும் கையைப் பிசையுறா, டெஸ்ட்ல எம்.இ.சி.பி.2 ஜீன்ல பிறழ்வு, ரெட் சிண்ட்ரோம்னு (மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற மரபணு நோய்) டாக்டர் சொல்லிட்டார். மாமன் மகளைக் கட்டினதாலதான்னு சொந்தக்காரங்க குத்திக்காட்டுறாங்க. அடுத்த பிள்ளைக்கும் வருமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அவங்க வாயை அடைங்க. சொந்தத்துல கட்டினா கூடுறது, தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கோளாறு மறைஞ்சிருந்து பிள்ளைக்குச் சேரும் நோய்கள். இது அந்த வகையே இல்லை. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கிற ஜீன், ஒரு பிரதி கெட்டாலே போதும். இந்த நோய் வந்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் அந்தப் பிறழ்வு புதுசா, பெரும்பாலும் தகப்பனோட விந்தணுவுல தற்செயலா உண்டாகுது. (உடனே உங்களை நொந்துக்காதீங்க, யாராலயும் தடுக்க முடியாது.)

இந்த ஜீன் தர்ற புரதம், டி.என்.ஏ.வுல மெத்தில்ங்கிற சின்ன வேதி அடையாளம் ஒட்டின இடங்களைப் பிடிச்சுக்கிட்டு, எந்த ஜீனை எவ்வளவு படியெடுக்கணும்னு ரேடியோ வால்யூம் திருகு மாதிரி மட்டுப்படுத்துது. அது கெட்டா மூளை செல் செத்துப்போறதில்லை, வேலை தாறுமாறாகுது. ரெட் சிண்ட்ரோமுக்கு இதுதான் காரணம்னு 1999-ல் மரபணு ஆராய்ச்சியாளர் ஹூடா சோக்பியோட குழு காட்டினாங்க.

அடுத்த பிள்ளை விஷயம்: தாயோட ரத்தத்துல அதே பிறழ்வைத் தேடச் சொல்லுங்க. இல்லைன்னா வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. இருந்தா பாதிக்குப் பாதி. எதுவானாலும் கர்ப்பத்துக்கு முன்னாடியே மரபணு ஆலோசகரைப் பாருங்க.

பிள்ளைக்கு ஈ.சி.ஜி. எடுத்தாச்சா? நீங்க எழுதவே இல்லை. இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு க்யூ.டி. இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் சுருங்கி மறுபடி தயாராகிற மின் நேரம்) நீளலாம், சில மருந்து ஒத்துக்காது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்லயே எடுக்கலாம். வலிப்பு வந்தா திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி பக்கம்தான்.